சும்மா ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கோ

கொல்கத்தாவில் பெருமழை விட்ட மறுநாள் காலை ஏதாவது ஒரு தெருமுனையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வங்காளமோ இந்தியோ தமிழோ, ஏதோ ஒரு பாஷையில் இந்த வாக்கியம் காதில் விழாமல் போகாது. "நீ சும்மா ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கோ, மத்ததை நான் பாத்துக்கறேன்." சொல்கிறவர் முன்னால் நிற்கிற, ஓடுகிற காரில் ஏறிக்கொள்வார். கேட்கிறவர் பின்னால் நிற்கிற, ஓடாத காரில் உட்காருவார். அது பெரும்பாலும் மனைவி. இல்லையென்றால் காலேஜ் போகிற பையன். இரண்டும் இல்லாத வீட்டில் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன். நடுவில் ஒரு கயிறு.

இந்தச் 'சும்மா'வோடுதான் எனக்குச் சண்டை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, மாற்றலாகி மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவன். காருக்குக் கடன் கொடுப்பதும் கொடுத்த கடனைத் துரத்துவதும் என் தொழில். கார்பரேட்டர் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரியும். கயிறு கட்டி இழுக்கிற விஷயத்தில் நம் ஆட்கள் செய்கிற தப்பு கண்ணில் பட அது போதும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால் பழி அம்பாசடர் மேல் விழுகிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஹூக்ளி நதிக்கு அந்தப்பக்கம் உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. 2014 மே மாதத்தோடு நிறுத்தினார்கள். அந்த வண்டி ஒரு தனி ஜாதி. கெட்டி இரும்பு பம்பர். கையால் மாற்றுகிற கியர். பழைய மாடல்களில் பவர் ஸ்டீரிங் கிடையாது, எலக்ட்ரானிக்ஸ் என்ற பேச்சே கிடையாது. எஞ்சின் ஓடினாலும் ஸ்டீரிங் கனம்தான், ஓடாவிட்டாலும் அதே கனம்தான். இழுத்துப் போகும்போது பின்னால் உட்கார்ந்தவருக்குப் புதிதாக ஒரு வித்தியாசமும் தெரியாது. தள்ளிவிட்டோ கயிறு கட்டி இழுத்தோ செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் இருமிக்கொண்டே கிளம்பிவிடும். மஞ்சள் டாக்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். அதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. நம் ஊரிலும் அம்பாசடரையும் பியட்டையும் அப்படித்தான் இழுத்தோம்.

வண்டி மாறிவிட்டது, கயிறு மட்டும் மாறவில்லை. இன்றைய காரில் எஞ்சின் நின்றுவிட்டால் முதலில் போவது பிரேக்கின் பலம். பிரேக்கை அழுத்த உங்கள் காலுக்குத் துணை நிற்கிற பூஸ்டர் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சின் நின்றபிறகு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று தடவை மிதிக்க அதில் பாக்கி இருக்கும். அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் போய்விடவில்லை, இருக்கிறது. ஆனால் எழுந்து நின்று மிதிக்கிற மாதிரி மிதிக்க வேண்டும். ஸ்டீரிங்கும் அப்படியே. சாவியை எடுத்துவிட்டால் அல்லது முழுக்கப் பின்னால் திருப்பிவிட்டால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். பட்டன் அமுக்கி ஸ்டார்ட் செய்கிற கார்களில் பேட்டரி செத்துப்போனால் அந்தப் பூட்டைத் திறப்பதே பெரும்பாடு.

இப்படிப்பட்ட வண்டியில், வாழ்க்கையில் ஒருநாள்கூட அதை இந்த நிலையில் ஓட்டிப் பார்க்காத ஒருவரை உட்காரவைத்து "சும்மா பிடிச்சுக்கோ" என்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. இந்தியாவில் 1989-ல் வந்த சாலை விதிமுறைகளில் இழுத்துச் செல்வதற்கென்று தனியாக ஒரு விதி இருந்தது. (2017-ல் புது ஒழுங்குமுறைகள் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கணக்குக்குப் பழையதே போதும்.) இரண்டு வண்டிக்கும் நடுவே இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 24 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 6.67 மீட்டர். 5 மீட்டரை அதால் வகுத்தால் 0.75. அதாவது முன்னால் போகிறவர் சட்டென்று நின்றுவிட்டால், பின்னால் இருப்பவர் பார்த்து, மூளைக்கு எட்டி, காலைத் தூக்கி, கல்லாகிப்போன பிரேக்கை மிதித்து நிறுத்த முக்கால் விநாடிதான் இருக்கிறது. சாதாரண மனிதனுக்குக் கால் பிரேக்குக்குப் போய்ச் சேரவே ஒரு விநாடிக்குப் பக்கம் ஆகும். நம் ஆட்கள் 24-லா போகிறார்கள்? பைபாஸில் 40-ல் இழுத்துப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த வேகத்தில் அதே 5 மீட்டருக்கு அரை விநாடிகூட இல்லை.

ஆக, சட்டப்படி போனாலும் இடிக்காமல் தப்ப ஒரே வழிதான். முன்னால் போகிறவர் திடீர் பிரேக் போடவே கூடாது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு பின்னால் இருப்பவருடையது. அவர் மெல்லிசாக பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வந்து கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கயிறு தொய்ந்தால் அடுத்த கணம் வெட்டி இழுக்கும், அந்த வெட்டில்தான் கயிறும் கொக்கியும் போகும். முன்னவர் வேகம் குறைப்பதற்கு முன்பே பின்னவர் குறைக்க ஆரம்பிக்க வேண்டும். சொல்லுங்கள், இதில் கஷ்டமான நாற்காலி எது? இரண்டு டிரைவர்களில் கைதேர்ந்தவர் எங்கே உட்கார வேண்டும்?

நாம் செய்வது நேர் எதிர். வீட்டில் நன்றாக ஓட்டுகிறவர் முன்னால், ஓட்டத் தெரியாதவர் பின்னால். அதே 1989 விதி, இழுபடும் காரின் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொன்னது. லைசென்ஸ் இல்லாத பையனை அங்கே உட்காரவைப்பது ஆபத்தோடு சேர்த்துச் சட்டமீறலும்தான். 'இழுபடுகிற வண்டிதானே, ஓடுகிற வண்டியா என்ன' என்கிறவர்களுக்கு: ஒரு டன் எடை உருண்டுகொண்டிருக்கிறது, ஐயா.

எங்கள் குடியிருப்பில் போன வருஷம் ஒரு நண்பர் (தமிழர்தான், பெயர் வேண்டாம்) தம் காரை இழுக்க என்னைக் கூப்பிட்டார். "நீங்க முன்னால வண்டியை எடுங்க சார், பின்னால என் பொண்ணு உட்காருவா." பெண் பன்னிரண்டாம் வகுப்பு. மாட்டேன் என்றேன். இரண்டு வாரம் லிஃப்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை அவர். போகட்டும். கடன் விண்ணப்பத்தை நிராகரித்து இதைவிடப் பெரிய கோபங்களையெல்லாம் பார்த்தாயிற்று.

கொல்கத்தாவுக்கென்று இரண்டு தனி ஆபத்துகள் உண்டு. ஒன்று மேம்பாலம். இந்த ஊர் தட்டைப் பலகை. ஏற்ற இறக்கம் என்றால் மேம்பாலமும் ஆற்றுப் பாலமும்தான். 2015-ல் திறந்த மா மேம்பாலமோ, வித்யாசாகர் சேதுவின் அணுகுசாலையோ, ஏறும்போது கயிறு விறைப்பாக இருக்கும், எல்லாம் சுகம். உச்சியைத் தாண்டி இறங்கும்போதுதான் பின்னால் இருக்கிற கார் தன்னால் உருள ஆரம்பிக்கும். கயிறு தொய்ந்து தரையில் புரளும், முன்சக்கரத்துக்கு அடியில் போகும். பூஸ்டர் இல்லாத பிரேக்கை மிதிக்க வேண்டிய இடமும் அதுதான். அங்கே 'சும்மா பிடித்துக்கொண்டிருப்பவர்' என்ன செய்வார்?

இரண்டாவது, நடந்து போகிறவர்கள். லேக் மார்க்கெட் பக்கம் முருங்கைக்காயும் மல்லிப்பூவும் வாங்கப் போகிற நம் மாமிகளுக்கு இது புரியும். ராஷ்பிஹாரி அவென்யூவில் சிக்னல் விழுந்ததும் எல்லோரும் என்ன செய்கிறோம்? நிற்கிற இரண்டு கார்களுக்கு நடுவே நுழைந்து அந்தப்பக்கம் போகிறோம். அந்த இரண்டு கார்களுக்கு நடுவே தரையோடு தரையாக ஒரு சாம்பல் நிறக் கயிறு கிடக்கிறது என்று வையுங்கள். பாதி தாண்டும்போது சிக்னல் பச்சையாகிறது. முன்வண்டி நகர்கிறது. கயிறு முழங்கால் உயரத்துக்கு விர்ரென்று எழும்புகிறது. சாயங்கால இருட்டில் இதே இடைவெளியில் பைக்கை நுழைக்கிறவனின் கதியை நான் எழுத வேண்டியதில்லை. அந்த மாதிரிச் செய்திகள் பத்திரிகையில் நாலு வரியில் வந்து போகின்றன.

கயிறு எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்றும் அந்த விதியில் எழுதியிருந்தார்கள். இழுபடும் வண்டியின் பின்புறம் வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாத கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று தெரிய வேண்டும். பிரிட்டனில் இடைவெளி 4.5 மீட்டருக்கு மேல் கூடாது, ஒன்றரை மீட்டரைத் தாண்டினாலே கயிற்றில் அடையாளம் கட்ட வேண்டும். இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறேன், அந்த எழுத்தை ஒரே ஒரு காரின் முதுகில்கூடப் பார்த்ததில்லை. நடுவில் ஒரு சிவப்புத் துணி? அதுவும் அபூர்வம். ஒரு பழைய துண்டு என்ன விலை?

நிற்க. கயிற்றைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

இது சணல் விளைகிற பூமி. மளிகைக்கடையில் கேட்டால் சணல் கயிறு கிடைக்கும். மூட்டை கட்ட அருமையானது, கார் இழுக்க அல்ல. கொடிக்கயிறு, பந்தல் போடுகிற பிளாஸ்டிக் கயிறு, டிரங்கில் ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய்நார்க் கயிறு, எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. நாலாக மடித்து முடிச்சு மேல் முடிச்சு போடுவார்கள். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலத்தில் பாதி வரைகூடப் போய்விடும் என்பது கயிற்றோடு பிழைக்கிற எந்தப் படகுக்காரருக்கும் தெரியும். நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், வெட்டி இழுக்கும் அதிர்ச்சியைத் தாங்கும். அந்த நீட்சியே ஆபத்தும்கூட. ரப்பர் பேண்டு மாதிரி சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும். அறுந்தால் முனை சாட்டையாக வரும். முனையில் இரும்புக் கொக்கி இருந்தால் அது கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். இழுக்கும்போது பக்கத்தில் நின்று "ஆஸ்தே, ஆஸ்தே" என்று கை காட்டுகிற தாதாக்கள் எல்லோரும் அந்தச் சாட்டை எட்டும் தூரத்தில்தான் நிற்கிறார்கள். கடையில் விற்கிற டோ கயிற்றின் அட்டையில் 5 டன் என்று அச்சடித்திருக்கும். யார் சோதித்தார்கள் என்று அதே அட்டையில் தேடிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு :-)

அடுத்து, எங்கே கட்டுவது? அம்பாசடர் பம்பர் நினைப்பில் இன்றைய பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் பட்டறைக்குப் போய்ச் சேரும். அது பிளாஸ்டிக். சஸ்பென்ஷன் கம்பியில் கட்டினால் வளைந்துவிடும். அடியில் தெரிகிற சில வளையங்கள் லாரியில் ஏற்றும்போது காரை அசையாமல் கட்டிவைப்பதற்கானவை, இழுப்பதற்கு அல்ல. இழுப்பதற்கென்றே பெரும்பாலான கார்களில் ஒரு திருகு கொக்கி கொடுக்கிறார்கள். ஸ்டெப்னி பக்கத்தில் ஜாக்கியோடு சுற்றிவைத்திருப்பார்கள். பம்பரில் ஒரு சின்னச் சதுர மூடியைப் பெயர்த்தால் அது போகிற துளை தெரியும். முழுக்க, கடைசி வரை திருக வேண்டும். சில கார்களில் மரை தலைகீழ், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். புதுக்கார் சாவியைக் கொடுக்கும்போது ரிப்பன் கட்டி, கேக் வெட்டி, போட்டோ எடுக்கிறார்களே, அந்த ஷோரூம் இளைஞர்களில் ஒருவராவது இந்தக் கொக்கியை எடுத்துக் காட்டியிருப்பாரா? பாட்டு கேட்கிற திரையைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் வகுப்பு நடத்துவார்கள்.

மழை விஷயத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 23, பூஜைக்குச் சில நாள் முன்பு, ஒரே இரவில் ஊர் மூழ்கியது நினைவிருக்கும். 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்துபோனார்கள். அந்தத் துக்கத்துக்கு முன்னால் கார் பெரிய விஷயமில்லைதான். ஆனாலும் அடுத்த நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். தண்ணீரில் நின்று அணைந்துபோன கார்களை வரிசையாகக் கயிறு கட்டி இழுத்தார்கள், இழுத்துக்கொண்டே கியரைப் போட்டு ஸ்டார்ட் செய்யவும் பார்த்தார்கள். "கிச்சு ஹொபே நா" என்று தைரியம் வேறு. நம் 'ஒண்ணும் ஆகாது'வின் வங்காளத் தம்பி அது.

ஆகும். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அழுத்த வேண்டியது காற்றை அல்ல, தண்ணீரை. தண்ணீர் அழுந்தாது. கனெக்டிங் ராடுதான் வளையும். நின்ற இடத்திலேயே விட்டு, நியூட்ரலில் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை வடித்திருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். கயிற்றால் உயிர் கொடுக்கப் பார்த்ததில் எஞ்சினே போகும். எங்கள் கிளை வாடிக்கையாளர் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட்டது. அவர் என்னிடம் வந்து சண்டை போட்டார். வழக்கமான பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். விபத்தோ பிரேக்டவுனோ ஆனால் மேலும் சேதம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, பழுது பார்க்காமல் ஓட்டி அதனால் கூடுகிற சேதம் உங்கள் தலையில், என்று தெளிவாக இருக்கிறது. எஞ்சினுக்குத் தனியாகப் பாதுகாப்பு சேர்க்காதவருக்குப் பேச இடமே இல்லை. இன்னொன்று, வண்டியைப் பட்டறைக்கு எடுத்துச் செல்ல 1,500 ரூபாய் வரை தருவதாக ஒரு வரி அதே பாலிசியில் உண்டு. அது விபத்துக்கு. சும்மா நின்றுபோன வண்டிக்கு அல்ல. அதற்கு ரோட்சைடு அசிஸ்டன்ஸ் என்று தனியாக, பிரீமியத்தில் மிகச் சின்னத் தொகையில் கிடைக்கிறது. அதைத்தான் நம் ஆட்கள் முதல் வேலையாக வெட்டுவார்கள். எட்டு லட்சம் கடன் வாங்கி கார் எடுத்தவர் அந்தச் சில நூறு ரூபாயில் வந்து சிக்கனம் பிடிப்பார்!

"அப்போ கயிறே கூடாதா? ராத்திரி பதினோரு மணிக்கு எந்த ஃப்ளாட்பெட் வரும்?" நியாயமான கேள்வி. நடு ரோட்டில், வளைவில், மேம்பாலத்தின் மேல் வண்டியோடு நிற்பது அதைவிடப் பெரிய ஆபத்து. அங்கிருந்து பத்திரமான ஓரத்துக்கோ, அடுத்த பெட்ரோல் பங்க்குக்கோ கொண்டுபோகக் கயிறு கைகொடுக்கும். நான் எதிர்ப்பது உல்டாடாங்காவிலிருந்து பேஹாலா வரைக்கும் ஊர்வலம் போவதை. கயிறு சில நூறு மீட்டருக்கான சாமான், பத்து கிலோமீட்டருக்கானது அல்ல.

அந்தச் சில நூறு மீட்டருக்கும்: முன்வண்டி பின்வண்டியைவிட எடை குறைந்ததாக இருக்கக் கூடாது. இரண்டு டிரைவரும் கிளம்பும் முன் கையால் என்ன சைகை, எந்த வழி, எங்கே நிற்பது என்று பேசிக்கொள்ள வேண்டும். (செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டுவது சைகை ஆகாது.) பின்வண்டியில் சாவி உள்ளே, ஸ்டீரிங் திறந்து, கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இறக்கி, நாலு இண்டிகேட்டரும் மின்ன வேண்டும். ஒருமுறை பெடலை அழுத்திப் பார்த்து எவ்வளவு கல்லாக இருக்கிறது என்று கால் தெரிந்துகொள்ள வேண்டும். முன்வண்டி கிளட்சை மெல்ல விட்டு, கயிறு விறைக்கும் வரை நத்தை மாதிரி நகர்ந்து, அதற்கப்புறம்தான் இழுக்க வேண்டும். பின்வண்டியில் டிரைவரைத் தவிர ஒருவரும் இருக்கக் கூடாது. குழந்தையைப் பின்சீட்டில் தூங்கவிட்டு இழுத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் புண்ணியவான்களுக்காக இதை இரண்டு தடவை எழுதலாம்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றிவிடுகிற பம்ப் எஞ்சினால்தான் ஓடும். எஞ்சின் நின்றபடி சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே எண்ணெய் இல்லாமல் தேயும். எலக்ட்ரிக் காரிலோ சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றி மின்சாரம் உண்டாக்கும், எலக்ட்ரானிக்ஸ் கெடும். நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்ப வேண்டும், அதாவது ஃப்ளாட்பெட்தான். "நியூட்ரல்ல போட்டா எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று ஒரு மெக்கானிக் எனக்கே பாடம் எடுத்தார். கார் புத்தகத்தில் இருக்கிற பக்கத்தைக் காட்டினேன். புத்தகத்தை நம்பினால் பிழைக்க முடியாது என்றார்.

மே மாத லீவுக்குக் காரிலேயே ஊருக்குப் போகிற குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டன. 16-ஆம் எண் நெடுஞ்சாலையில் பாலசோர், புவனேஸ்வர், விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர் என்று சென்னை வரை 1,700 கிலோமீட்டர் அளவில். டிக்கியில் புளியோதரை முதல் ஊறுகாய் வரை எல்லாம் இருக்கும். வண்டி நின்றால் அந்த வழியாக வருகிற லாரிக்காரரிடம் கயிறு கேட்டு இழுக்கச் சொல்லாதீர்கள். லாரி டிரைவருக்குத் தன் பின்னால் ஒரு சின்ன கார் தொங்குவது கண்ணாடியில் தெரியவே தெரியாது, அவர் பழக்கவேகத்தில் போவார். 1033 என்பது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். டோல் கட்டுகிற சாலைகளில் நின்ற வண்டியை அப்புறப்படுத்த கிரேன் வைத்திருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. நாம் கட்டுகிற காசில் அதுவும் அடக்கம். நகரத்துக்குள் என்றால் கார் கம்பெனியின் உதவி எண், இல்லையென்றால் சங்கம். 1904-ல் தொடங்கிய கிழக்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் இதே கொல்கத்தாவில்தான் இருக்கிறது. வண்டி நின்றபிறகு இன்டர்நெட்டில் தேடி எடுக்கிற முதல் நம்பர் பெரும்பாலும் இரண்டு மூவாயிரத்தில் ஆரம்பிக்கும். அதற்கு முன்பே ஒரு நம்பரை டாஷ்போர்டில் ஒட்டிவைத்திருக்கலாம்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் இந்த விஷயத்தைப் போன மாதக் கூட்டத்தில் எழுப்பினேன். பூஜைப் பந்தல் வசூலுக்கு நடுவில் யார் கேட்பார்கள்? கடைசியில் பொதுச்செலவில் ஒரே ஒரு சாமான் வாங்க ஒப்புக்கொண்டார்கள். வாட்ச்மேன் அறையில் ஒரு வெள்ளைப் பலகை, கறுப்புப் பெயிண்டில் 'ஆன் டோ', எழுத்து 75 மில்லிமீட்டர், ஸ்கேல் வைத்து நானே அளந்தேன். கூடவே ஒரு சிவப்புத் துண்டும். யார் காரை இழுப்பதானாலும் இரண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போக வேண்டும். கையெழுத்துப் பக்கத்தில் பின்காரில் உட்காருபவரின் லைசென்ஸ் எண் எழுத ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.